கியர் எந்தக் கம்பெனி?

ரோடு சைக்கிளில் முக்கியமான கியர் கம்பெனிகள் மூன்று. ஜப்பானின் ஷிமானோ 1921-இலும், இத்தாலியின் கம்பாக்னோலோ 1933-இலும், அமெரிக்காவின் ஸ்ராம் 1987-இலும் தொடங்கியவை. மூன்றுமே நல்ல சரக்கு. வித்தியாசம் விரலுக்குத்தான் தெரியும்.

கேபிள் கியரில், ஷிமானோவுக்கு பிரேக் லீவரையே உள்பக்கமாகத் தள்ள வேண்டும்; எதிர்த்திசைக்கு அதன் பின்னால் ஒரு சின்ன லீவர். கம்பாக்னோலோவில் ஒரு திசைக்குக் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான். ஸ்ராமில் ஒரே லீவர்: லேசாகத் தட்டினால் கியர் இறுகும், நீளமாகத் தள்ளினால் இளகும்.

எனக்கு வலது கட்டைவிரல் மூட்டில் தேய்மானம். கம்பாக்னோலோவின் அழகில் மனம் போனாலும், பொத்தானை அழுத்த விரல் சம்மதிக்கவில்லை. ஸ்ராமில் அளவு பார்த்துத் தள்ள இனிமேல் பழக வேண்டும். ஷிமானோவைத் தேர்ந்தெடுத்தேன். உதிரி பாகமும் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கிறது.

நம் வயதில் இது சின்ன விஷயமில்லை. கியர் மாற்றக் கை தயங்கினால் மேட்டில் இறங்கித் தள்ளுவோம். நாலு நாளில் சைக்கிள் மூலைக்குப் போய்விடும். எனவே கடையிலேயே ஐம்பது முறை கியரை மாற்றிப் பாருங்கள். மறுநாள் காலை விரல் வலிக்கவில்லை என்றால் பணத்தைக் கொடுங்கள்.