பகடை உருட்டுறேன், ஆனா சூதாட்டம் இல்லீங்க



கோயில் அறிவிப்பு கடைசியில இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு விளக்கம் சொல்லணும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

போன வாரம் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தப்ப, என் பையில இருந்து ஒரு டப்பா விழுந்து திறந்துகிச்சு. உள்ள இருந்த பகடை எல்லாம் மண்டபம் முழுக்க உருண்டு ஓடிடுச்சு. இருபது பக்கம் உள்ள பகடை. சமையல்கட்டு அக்கா ஒண்ணை எடுத்துக் கொடுத்துட்டு, "சாமி காரியம் செய்யிற கையில சூதா தம்பி?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தா, பதில் சொல்லாம விடுறது சரியில்லைன்னு தோணுச்சு.

சூது இல்லீங்க. ஒரு சென் கூட கை மாறல. மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி என் வீட்டு கார் போர்ச்சுல ஆறு பேரு உட்கார்ந்து கதை ஆடுறோம். அவ்வளவுதான். எல்லாரும் ஐம்பது தாண்டினவங்க. ஒருத்தர் லாரி ஓட்டுறாரு, ஒருத்தர் இன்சூரன்ஸ், ஒருத்தர் வேலையில இருந்து ஓய்வு. அதுல நாலு பேரு நம்ம கோயில் தொண்டர்களேதான்.

ஆட்டத்துக்குப் பேரு பெண்டிராகன். ஆர்தர் ராஜா, வட்ட மேசை வீரர்கள் கதை. கிரெக் ஸ்டாஃபோர்டுன்னு ஒரு அமெரிக்கர் உருவாக்கினது, 1985ல வந்தது. அதுக்குச் சரியா 500 வருஷத்துக்கு முன்னாடி, 1485ல, தாமஸ் மாலரி எழுதின ஆர்தர் கதை இங்கிலாந்துல அச்சாச்சு. அந்தப் புத்தகத்தைத்தான் ஸ்டாஃபோர்டு பெரிய ஆதாரமா வச்சுக்கிட்டாரு. லண்டன்ல படிச்ச என் அக்கா மகன் ஊர் திரும்பினப்ப இந்த ஆட்டப் புத்தகங்களை என் வீட்டுல போட்டுட்டுப் போனான். ஒண்ணு செங்கல் கனம். நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன், என் இங்கிலீசு பேக்டரி இங்கிலீசு. நைட் ஷிப்ட் பிரேக்குல அகராதி வச்சுக்கிட்டு ஒரு வருஷம் படிச்சேன். 2016ல ஆரம்பிச்சோம்.

நான் கதை சொல்றவன். மத்தவங்க ஆளுக்கு ஒரு குதிரை வீரன். பலகையும் இல்ல, காயும் இல்ல. "ஆத்தோரம் ஒரு கோட்டை, பாலம் உடைஞ்சிருக்கு, என்ன செய்யிறீங்க?"ன்னு நான் கேட்பேன். அவங்க சொல்லுவாங்க. சந்தேகம் இருக்கிற இடத்துல பகடை முடிவு பண்ணும்.

கதை கி.பி. 485ல தொடங்கி 565ல முடியுது. எங்க கணக்குல ஒரு ராத்திரிக்கு ஒரு வருஷம். ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் குளிர்காலக் கணக்கு இருக்கு. அறுவடை எப்படி, குதிரை பிழைச்சுதா, பிள்ளை பிறந்துச்சா, எல்லாத்துக்கும் பகடைதான். 35 வயசு தாண்டினா உடம்பு தேயுதான்னும் உருட்டணும். வீரன் செத்தா அவன் மகனை வச்சுத் தொடரணும். முடிவு எல்லாருக்கும் தெரியும்: 565ல காம்லான் போர்ல ஆர்தர் விழுந்துடுவாரு. தெரிஞ்சும் ஆடுறோம். ராமாயணம் முடிவு தெரியாதுன்னா கேட்கப் போறோம்?

இந்த ஆட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது குணக்கணக்கு. 13 ஜோடி குணம். தாராளம் – சுயநலம், அடக்கம் – கர்வம், வீரம் – கோழைத்தனம், இப்படி. ஒவ்வொரு ஜோடியும் கூட்டினா 20 வரணும். ஒண்ணு ஏறினா ஒண்ணு இறங்கும். முக்கியமான நேரத்துல குணத்துக்கே பகடை போடணும். அந்த எண்ணும் அதுக்குக் கீழயும் விழுந்தா அந்தக் குணம் ஜெயிச்சுது. இல்லைன்னா எதிர்க்குணத்துக்குப் போடணும். ரெண்டுமே தோத்தாத்தான் நம்ம இஷ்டம். நீ நினைச்சபடி நடக்க முடியாது, நீ இதுவரைக்கும் நடந்தபடிதான் நடப்பன்னு அர்த்தம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இதை அந்த நண்பர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

லாரி ஓட்டுற நண்பருக்கும் அவர் தம்பிக்கும் அம்மா வீட்டு விஷயத்துல தகராறு. ஒன்பது வருஷமா பேச்சு இல்ல. அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நம்ம கோயில்ல விளக்குப் போடுவாங்க. ஒரு நாள் என் கையைப் பிடிச்சு, "நீ சொன்னா கேட்பான், ஒரு வார்த்தை சொல்லுப்பா"ன்னாங்க. சரிம்மான்னுட்டேன். ஆனா சொல்ல வாய் வரல. இருபது வருஷ சுப்பர்வைசர் நான். லைன்ல தப்பு நடந்தா ஆளைக் கூப்பிட்டுக் காட்டிடுவேன். கூட்டாளிகிட்ட அந்தத் தைரியம் வரல.

அதனால கதைக்குள்ள வச்சேன்.

2018 நடுவுல, கதையில 513ஆம் வருஷம். அவருடைய முதல் வீரன் 495ல, ராஜா ஊத்தருக்கு விருந்துல விஷம் வச்ச ராத்திரி செத்துட்டான். மகன் வளர்ற வரைக்கும் சித்தப்பாவை வச்சு ஆடினாரு. இப்ப மகன், 26 வயசு. அந்த வீரனுக்கு நிலத்தை ஏமாத்தி வாங்கின ஒரு தம்பியை நானே உண்டாக்கினேன். பனி கொட்டுற ராத்திரி, அந்தத் தம்பி வந்து கதவைத் தட்டுறான், ஒரு ராத்திரி தங்க இடம் கேட்கிறான்.

மேசையில எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. யாரும் தேத்தண்ணியைத் தொடல.

அவரு வீரனுக்கு மன்னிக்கிற குணம் 3, பழிவாங்குறது 17. போடச் சொன்னேன். மன்னிக்கிறதுக்கு 12 விழுந்தது, தோல்வி. பழிவாங்குறதுக்கு 9, வெற்றி. "கதவைத் திறக்கல"ன்னாரு. அதோட நான் விட்டிருக்கணும். விடல. "காலையில கதவைத் திறந்தா, தம்பி வாசல்ல விறைச்சுப் போய் செத்துக் கிடக்கிறான்"னு சொன்னேன்.

பென்சிலைக் கீழ வச்சாரு. "பகடை போடச் சொன்ன வரைக்கும் ஆட்டம். அவனைச் சாகடிச்சது பகடை இல்ல, நீ"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

பதினோரு மாசம் வரல. கோயிலுக்கும் வரல. நம்ம சாம்பார் அவரு கைப்பக்குவம்தான்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் சாம்பார்ல உப்பு கூடிப் போச்சுன்னு நீங்க எல்லாம் முணுமுணுத்தீங்களே, காரணம் நான்தான். அவங்க அம்மா மட்டும் வழக்கம்போல விளக்குப் போட வந்தாங்க. என்கிட்ட எதுவும் கேட்கல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

ஆட்டத்தை நிறுத்தலாமான்னு யோசிச்சேன். மத்தவங்க விடல. "அவரு வீரன் கோட்டையைக் காவல் காக்கிறான்னு வச்சுக்கலாம் அண்ணே, தாளை எடுத்துடாதீங்க"ன்னாங்க. ஒவ்வொரு மாசமும் கடைசியில, அவரு நாற்காலி காலியா இருக்க, அவருக்கும் சேர்த்துக் குளிர்காலக் கணக்கு உருட்டினோம். ஆளுக்கு ஒரு தடவை மாறி மாறிப் போட்டாங்க. அந்த இடைவெளியிலதான், 2018 அக்டோபர்ல, ஆட்டத்தை உருவாக்கின ஸ்டாஃபோர்டும் காலமாயிட்டாரு. எல்லாரும் காத்துக்கிட்டு இருந்த பேடன் பெரும்போர், சாக்சன் படையை ஆர்தர் முறியடிச்ச 518ஆம் வருஷம், அதுவும் அவரு இல்லாமத்தான் நடந்துச்சு. ஜெயிச்சோம். யாரும் பெருசா கத்தல.

2019ல ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு நேரா அவரு வீட்டுக்குப் போனேன். தாளை பிளாஸ்டிக் கோப்புல வச்சு எடுத்துட்டுப் போனேன். பேக்டரியில எத்தனையோ பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த ஆளு நான். மன்னிப்பு கேட்டுப் பழக்கம் இல்ல. "அம்மா என்னைப் பேசச் சொன்னாங்க. உங்க முகத்தைப் பார்த்துப் பேச பயந்துக்கிட்டு, எல்லார் முன்னாலயும் கதைக்குள்ள ஒளிஞ்சு குத்திட்டேன். தப்புதான்"னு சொன்னேன்.

அவரு ஒண்ணும் சொல்லல. தாளை வாங்கிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"குதிரை எப்ப செத்துச்சு?"

"மூணாவது குளிர்காலம்."

"வயசு 37ஆ?"

"ஆமா. ரெண்டு தடவை உடம்புக்கும் உருட்டியாச்சு. பரவால்ல, கெட்டியா இருக்கான்."

"பொண்ணு பிறந்திருக்கு. பேரு போடலையே?"

"நீங்கதான் வைக்கணும்னு விட்டுட்டோம். எட்டு வயசு ஆச்சு."

அதுக்குச் சிரிச்சாரு. எட்டு வயசு வரைக்கும் பேரு இல்லாத பிள்ளையான்னு. அப்புறம் குரலை இறக்கிக் கேட்டாரு, "அந்தப் பனியில கிடந்தவன்?"

"அதை அழிச்சுட்டேன். காலையில கதவைத் திறந்தா காலடித் தடம் மட்டும்தான் இருந்துச்சு. எங்க போனான்னு எழுதல."

அடுத்த மாசம் வந்தாரு. அந்த ஞாயிறு சாம்பாரும் வந்துச்சு.

அப்புறம் 2020 மார்ச்சுல நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் கைப்பேசி வழியா ஆடினோம். லைன் கிடைக்காம ஆளு ஆளுக்குக் கத்திக்கிட்டு. அப்படி ஒரு ராத்திரி, நடுவுல திடீர்னு கேட்டாரு, "என் தம்பி உயிரோடதான் இருக்கானா?" கதையைக் கேட்கிறாரா வேற எதையாவது கேட்கிறாரான்னு எனக்குத் தெரியல. "உங்க கையிலதான்"னு மட்டும் சொன்னேன். "இருக்கட்டும்"னாரு.

அந்த வீரன் 549ல வயசாகி, படுக்கையில செத்தான். இந்த ஆட்டத்துல அது பெரிய பாக்கியம். குளிர்காலத்துல குணம் ஏறணும்னா இருக்கிற எண்ணைவிடக் கூடுதலா விழணும். அப்படி ஒண்ணு ஒண்ணா ஏறி, கடைசித் தாள்ல மன்னிக்கிற குணம் 7, பழிவாங்குறது 13. வீரமும் புகழும் நிறைய சேர்த்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த 7தான். 3ல இருந்து 7க்கு வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு கூட இருந்து பார்த்தவன் நான்.

நிஜத் தம்பியோட என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. நான் கேட்கல. கேட்க மாட்டேன். அது அவங்க வீட்டு விஷயம்.

நான் கத்துக்கிட்டது இதுதான். தொண்டுன்னு வந்துட்டா அடுத்தவனைத் திருத்துறதும் நம்ம வேலைன்னு ஒரு நினைப்பு வந்துடும். எனக்கு இருந்துச்சு. கோபிச்சுக்கிட்டுப் போனவனோட நாற்காலியை எடுக்காம வச்சிருக்கிறது, அவன் கணக்கை அவனுக்காக எழுதி வச்சிருக்கிறது, அவன் பிள்ளைக்கு நாம பேரு வைக்காம விட்டுடுறது, அவ்வளவுதான் நம்மால முடியும். வர்றதும் வராததும் அவன் இஷ்டம். இதைக் கோயில்ல கத்துக்கிட்டிருக்கணும். கார் போர்ச்சுல கத்துக்கிட்டேன்.

இப்ப கதை 561ல நிக்குது. வட்ட மேசை உடையுற நேரம். இன்னும் நாலு வருஷம்தான். பண்டிகை, ஷிப்ட்டுன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கோம். முடிக்க யாருக்கும் மனசு வரல.

பகடையை எடுத்துக் கொடுத்த அக்காவுக்கு இதுதான் என் பதில்.

அறிவிப்பு: ஞாயிறு அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆறு பேரு வேணும், காலை 6 மணிக்கு. கத்தி, பலகை நாங்க தர்றோம். இடையில நின்னு போனவங்களும் தாராளமா வரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். சாம்பார் நம்ம லாரி அண்ணன்தான், உப்பு சரியா இருக்கும்.