எவ்வளவு எண்ணெய்? எந்த எண்ணெய்?

நாகபுரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறையில் ஊர் செல்வதென்றால் முன்னெல்லாம் ரயிலைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அந்நிலை இப்போது மாறி வருகிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகவே செல்கிறது. ஹைதராபாத், பெங்களூரு, சேலம் என்று தெற்கே இறங்கினால் மதுரைக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். பாட்டி, பேரக்குழந்தைகள், ஊறுகாய் ஜாடி ஆகிய அனைத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்ற ஆசையில், சற்று உயரமாக நிற்கும் சிறிய கார்களை நம்மவர்கள் பலர் இரண்டாம் கையாக வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். 'கிராஸ்ஓவர்' என்றும் 'காம்பாக்ட் எஸ்.யூ.வி.' என்றும் விற்பனையாளர்கள் இவற்றைக் கூறுவார்கள். ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவர் சாலைப் பிரயாணத்தைப் பற்றி எழுதலாமா என்று அலுவலக நண்பர்கள் கேலி செய்யக்கூடும். செய்யட்டும். பாஸ் கிடைக்கிறது, பெர்த் கிடைக்க வேண்டுமே!

இத்தகைய வண்டிகளை வாங்குவோர் டயரைப் பார்க்கிறார்கள், பெயிண்டைப் பார்க்கிறார்கள், குளிர்சாதனம் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். எஞ்சினுக்குள் எந்த எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதைக் கேட்பவர் அரிது. அது மிஸ்திரியின் பாடு என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதனால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாம். ஆகையால் இதனை எழுதத் துணிந்தோம்.

நம் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி, கார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கார்டு ஐயா என்றே எல்லாரும் அழைப்பது வழக்கம். அவரிடம் ஒரு டீசல் வண்டி இருந்தது. எந்தக் கம்பெனியினுடையது என்பது இங்கே தேவையில்லை. வண்டியின் கைநூலில் எஞ்சின் எண்ணெயின் அளவு ஐந்து லிட்டருக்கும் சற்று மேல் என்று அச்சிட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல்லில் அவருடைய தமக்கையார் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் செய்தி வந்தது. பிரயாணத்துக்கு முன் எண்ணெய் மாற்றிவிடுவோம் என்று ஒரு பணிமனையில் வண்டியை விட்டார். அங்கிருந்த பையன், சின்ன வண்டிகளுக்கு வழக்கமாக ஊற்றும் மூன்றரை லிட்டர் கேன் ஒன்றை முழுதும் கவிழ்த்துவிட்டு வேலையை முடித்துவிட்டான். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நகரத்துக்குள் ஓடியபோது ஒன்றும் தெரியவில்லை. ஆதிலாபாத்தைத் தாண்டி நிர்மலை நோக்கிப் போகையில், மேட்டில் எஞ்சின் உழைத்துக்கொண்டிருந்த வேளையில், எண்ணெய்ச் செம்பு போன்ற சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியை ஓட்டிய மருமகப் பிள்ளை, அடுத்த ஊரில் கடை இருக்கும், அங்கே ஊற்றிக்கொள்ளலாம் என்று மேலும் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு ஒரு சத்தம். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. லாரியில் ஏற்றி, பஸ் பிடித்து, செகந்திராபாத்தில் ரயில் பிடித்து அவர்கள் திண்டுக்கல்லை அடைந்தது மூன்றாம் நாள். தமக்கையாரின் காரியங்கள் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன. கார்டு ஐயா இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, "தம்பி, முப்பத்தைந்து வருஷம் ரயில் ஓட்டினோம், சிவப்பு விளக்கைத் தாண்டினது அன்றைக்கு ஒருநாள்தான்" என்றார்.

அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அது எண்ணெயின் அளவைக் காட்டும் விளக்கு அன்று. எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அறிவிப்பது. அது எரியும்போது உலோகத்தின்மேல் உலோகம் உராயத் தொடங்கியிருக்கலாம். பெட்ரோல் முள் கீழே வந்தால் அடுத்த ஊர் வரை போகலாம். இதற்கு அந்தச் சலுகை கிடையாது. சாலையோரம் ஒதுங்கி அக்கணமே எஞ்சினை அணைப்பதுதான் வழி.

இனி நம்முடைய வண்டிக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில் செய்யப்பட்ட போர்டு எக்கோஸ்போர்ட் அது; சென்னைக்கு அருகே மறைமலைநகரில் உருவானது. இந்த வண்டி 2013இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோதே மூன்று விதமான எஞ்சின்களோடு வந்தது: ஒன்றரை லிட்டர் பெட்ரோல், ஒன்றரை லிட்டர் டீசல், எக்கோபூஸ்ட் எனப்படும் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல். நமக்கு வாய்த்தது மூன்றாவது. 999 சி.சி., மூன்றே சிலிண்டர். அளவில் சிறியது, ஆனால் 2012, 2013, 2014 என்று அடுத்தடுத்து மூன்றாண்டுகள் சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற பரிசைப் பெற்றது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று வண்டிகளும் ஒன்றே. உள்ளே வயிறு வேறு, பத்தியம் வேறு. மாருதியின் பிரெஸ்ஸாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அது டீசலில் மட்டும் வந்தது. 2020இல் பெட்ரோலில் மட்டும். "பிரெஸ்ஸாவுக்கு எவ்வளவு எண்ணெய்?" என்று கேட்பவருக்கு, எந்த ஆண்டு வண்டி, எந்த எஞ்சின் என்ற எதிர்க்கேள்வியைப் போடாமல் விடை சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்திவிடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் தொடர்ந்தாலும், பழைய வண்டி வைத்திருப்போர் பலர் பக்கத்துத் தெரு மிஸ்திரியையே நாடுகிறார்கள். நாமும் அப்படித்தான். நம் மிஸ்திரி நல்ல மனிதர், கைத்திறன் உள்ளவர், உஸ்தாத் என்று அழைப்போம். எண்ணெய் மாற்றச் சென்றபோது அவர் இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொன்னார். "பாபுஜி, நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் மாதிரி எண்ணெய் தாங்காது, இருபது-ஐம்பது போடுங்கள். தூரப் பிரயாணமாயிற்றே, ஐந்து லிட்டர் கேனை முழுக்க ஊற்றிவிடுகிறேன், குறைந்தாலும் கவலையில்லை." இரண்டும் அன்பினால் சொன்ன வார்த்தைகள்.

கார்டு ஐயாவின் அனுபவத்துக்குப் பின் நம் இல்லத்தரசி எதையும் படிக்காமல் விடுவதில்லை. வண்டியின் கையறைப் பெட்டிக்குள் பழைய இன்சூரன்ஸ் காகிதங்களின் அடியில் கிடந்த கைநூலை எடுத்து வந்து, "ஏங்க, இதில் நாலு புள்ளி ஒன்று என்றல்லவா போட்டிருக்கிறது? அவர் ஐந்து என்கிறாரே, மிச்சம் எங்கே போகும்?" என்று கேட்டாள். மிச்சம் எங்கே போகும் என்பதே சரியான கேள்வி.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டிக்குச் சற்று மேலே கிராங்க் ஷாப்ட் என்னும் தண்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழல்கிறது. அளவோடு எண்ணெய் இருந்தால் அத்தண்டு அதைத் தொடுவதில்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர் கூடினால் தண்டு எண்ணெய்க்குள் முழுகி, மத்து மோரைக் கடைவதுபோலக் கடையத் தொடங்கும், நுரை பொங்கும். பம்பு உறிஞ்சுவது பாதி எண்ணெய், பாதி காற்று. காற்றினால் அழுத்தமும் நிற்காது, மசகும் ஆகாது. அதற்கு மேல், உபரி எண்ணெய் சீல்களைத் தள்ளிக்கொண்டு கசியும். மூச்சுக்குழாய் வழியே எரியறைக்குள் புகுந்து புகையும். ஆக, கூடுதலாக ஊற்றியதன் பலன் குறைவாக ஊற்றியதன் பலனோடு போய்ச் சேர்கிறது.

கைநூலில் உள்ள 4.1 லிட்டர் என்பது ஆயில் பில்டரையும் சேர்த்து மாற்றும்போது ஆகும் அளவு. பழைய எண்ணெய் முழுதும் எப்போதும் வடிந்துவிடாது. கொஞ்சம் உள்ளேயே தங்கும். ஆகவே நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றச் சொல்லி, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, சமதரையில் பத்து நிமிஷம் பொறுத்து, அளவுக் கம்பியைத் துடைத்துச் செருகி உருவிப் பார்த்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே எண்ணெய் நின்றால் போதும். மேல் குறியைத் தாண்டக் கூடாது. சரிவில் நிறுத்திய வண்டியில் கம்பி பொய் சொல்லும். உஸ்தாதின் கடை வாசல் சரிவுதான். வண்டியை எதிர்ப்புறத்துக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அவர் சற்று முகம் சுளித்தார்.

எண்ணெயின் தரத்தைப் பற்றிய விவாதம் அதைவிட நீண்டது. நம் வண்டிக்கு விதித்தது 5 டபிள்யூ - 20. இந்த எண்கள் அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. சங்கம் வகுத்தவை. முன் எண்ணோடு வரும் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை அந்த எண் கூறும். பின் எண், 100 பாகை சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் கூறும். அச்சூட்டில் 20 என்ற தரம் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் வரை. 50 என்ற தரம் 16.3 முதல் 21.9 வரை. அதாவது உஸ்தாத் ஊற்ற நினைத்தது இரு மடங்குக்கும் மேல் கெட்டியான எண்ணெய்.

வெயிலுக்குக் கெட்டி எண்ணெய் வேண்டாமா? நாகபுரியில் மே மாதம் 45 பாகை என்பது புதிதன்று. ஆயினும் எஞ்சினுக்குள் வெப்பத்தை நிர்ணயிப்பது வெளியிலுள்ள வெயில் அன்று, தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும். டிசம்பராயினும் மேயாயினும் குளிர்விக்கும் நீர் ஏறத்தாழ 90 முதல் 100 பாகையிலேயே நிற்குமாறு அவை பார்த்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கை வைத்தே எண்ணெயைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சிறிய டர்போ எஞ்சினில் எண்ணெய் ஓடும் துளைகள் நுட்பமானவை. டர்போவின் தண்டோ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் எண்ணெய் அங்கே ஓடிப்போய்ச் சேர வேண்டும். பழைய அம்பாசடருக்கு இருபது-ஐம்பது பொருந்தியது என்றால் அதன் இடைவெளிகள் வேறு. சில வண்டிகளின் கைநூலில் வெப்ப நாட்டுக்கென்று கெட்டியான தரத்தையும் அனுமதித்திருப்பார்கள். அங்கே அதைத் தாராளமாக உபயோகிக்கலாம். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த எஞ்சினில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் மற்ற வண்டிகளில் உலர்ந்து ஓடுவது. இதில் எண்ணெயில் நனைந்தபடி ஓடுகிறது. எண்ணெய்ப் பம்பையும் இப்படி ஒரு பெல்ட்டே இழுக்கிறது. ஆதலால் எண்ணெய் மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. ரப்பரைக் கெடுக்காத மருந்துச் சேர்க்கை உடையதாகவும் இருக்க வேண்டும். அதற்காகக் கம்பெனி தனிக் குறியீடு ஒன்று தந்திருக்கிறது: டபிள்யூ.எஸ்.எஸ். - எம்2சி948 - பி. பொருந்தாத எண்ணெயில், அல்லது மாற்றாமல் விட்ட பழைய எண்ணெயில், பெல்ட் உப்பித் துகள்களாக உதிரும். துகள்கள் தொட்டியின் சல்லடையை அடைக்கும். பிறகு தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் அழுத்தம் இராது. நல்ல எண்ணெய் ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என்றும் சொல்ல மாட்டோம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இதே ஒரு லிட்டர் எஞ்சினுள்ள எக்கோஸ்போர்ட், போகஸ் கார்கள் சுமார் 1,39,000, எண்ணெய்ப் பம்பு பெல்ட்டின் காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த எக்கோஸ்போர்ட்டுகளும் சென்னையிலிருந்து கப்பலேறியவையே.

ரயில்வே ஸ்டோர்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் பி.எல். நம்பர் உண்டு. நம்பர் ஓர் இலக்கம் மாறினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "கிட்டத்தட்ட அதேதான்" என்ற சமாதானம் அங்கே செல்லாது. அந்தப் பழக்கத்தில், மூன்று கடை ஏறி இறங்கி, டின்னின் பின்புறத்தில் 948-பி என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்கினோம். "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று முன்புறத்தில் பெரிதாக எழுதியிருப்பதை நாம் பொருட்படுத்துவதில்லை. உஸ்தாதிடம் கைநூலின் பக்கத்தைக் காட்டியபோது, நெடுநேரம் பார்த்துவிட்டு, "எண்ணெய்க்குள் பெல்ட்டா!" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அந்தப் பக்கத்தைத் தம் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டார். காலி டின்னை நசுக்கிப் போடச் சொன்னோம். முழு டின்கள் மறுபடி நிரப்பப்பட்டு விலைக்கு வரும் ஊர் இது.

மிச்சம் ஒரு வேலை இருக்கிறது. அந்த பெல்ட்டுக்கு ஐரோப்பாவில் குறித்த ஆயுள் பத்தாண்டு அல்லது 2,40,000 கிலோமீட்டர். நம் வண்டி கிலோமீட்டரில் பாதியைக் கூடத் தொடவில்லை; ஆண்டில் எல்லையைத் தாண்டிவிட்டது. முன்னிருந்தவர் என்ன எண்ணெய் ஊற்றினார் என்பதற்கு ரசீதும் இல்லை. இதை மாற்றத் தனிக் கருவிகள் வேண்டும். தம்மிடம் அவை இல்லையென்று உஸ்தாத் நேர்மையாகச் சொல்லிவிட்டார். கருவியுள்ள பணிமனை ஒன்றில் தேதி வாங்கியிருக்கிறோம். தொட்டியைக் கழற்றிச் சல்லடையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். சீட்டுப் பணம் அதற்கென்று ஒதுங்கியிருக்கிறது. அதுவரை வண்டி கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும். ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை.