நாற்பத்தொரு நாள் பந்தயம்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஆகாசக் கோட்டை கட்டுவது தொழில் தர்மம். சென்ற வாரம் நான் கட்டிய கோட்டை ஒரு கிரிக்கெட் பந்தயம். 16 தேசங்கள் ஆடும் டெஸ்ட் பந்தயம்! டெஸ்ட் அந்தஸ்து பெற்ற 12 தேசங்களோடு நேபாளம், ஸ்காட்லாந்து, நெதர்லாந்து, நமீபியா ஆகிய நாலையும் யாரையும் கேட்காமல் சேர்த்துக்கொண்டேன். காகிதமும் பென்சிலும் என்னுடையவைதானே? நாலு பிரிவு, பிரிவுக்கு நாலு கோஷ்டி, பிரிவில் முதலாக வருவது அரையிறுதிக்குப் போகும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஐந்து நாள், இடையில் நாலு நாள் ஓய்வு என்று கணக்குப் போட்டால் எல்லாம் 41 நாளில் முடிந்துவிடுகிறது. சபரிமலைக்கு விரதம் இருப்பவர்களின் ஒரு மண்டலம்! நம் ஊர் இருபது ஓவர் திருவிழாவே இதைவிட அதிக நாள் நடக்கிறது.

எதிர்வீட்டு நண்பரிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் தணிக்கை இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர். எதைப் பார்த்தாலும் முதலில் செலவுப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

"சார், நமீபியாக்காரன் நம்ம பும்ராவுக்கு முன்னாலே எத்தனை ஓவர் நிப்பான்? ரெண்டு நாளிலே மூட்டை கட்டிடுவான். அஞ்சு நாளைக்கு டிக்கெட் வாங்கினவன் கதி என்ன?" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். 2018 ஜூனில் பெங்களூரில் ஆப்கானிஸ்தானம் தன் முதல் டெஸ்டை ஆடியபோது, ஒரே நாளில் இரண்டு முறை ஆட்டமிழந்தது. ஆட்டம் இரண்டே நாளில் முடிந்தது; ஓர் இன்னிங்ஸும் 262 ரன்னும் வித்தியாசம். ஆனால் அதோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டவர்களுக்கு மறு வருஷக் கதை தெரியாது. 2019 மார்ச்சில் டேராடூனில் அயர்லாந்தை ஜயித்தார்கள். செப்டம்பரில் சட்டோகிராமில் வங்கதேசத்தை, அதன் சொந்த மண்ணிலேயே, 224 ரன்னில் மண்ணைக் கவ்வச் செய்தார்கள். பெங்களூருக்கும் சட்டோகிராமுக்கும் நடுவே பதினைந்து மாதம்!

எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் வாய்ப்பதில்லை. நியூஜிலாந்து 1930-ல் டெஸ்ட் ஆட ஆரம்பித்தது. 1955-ல் ஆக்லாந்தில் மொத்தக் கோஷ்டியும் சேர்ந்து எடுத்தது 26 ரன். அதைவிடக் குறைவாக எடுத்து அந்த அவமானத்திலிருந்து அவர்களை விடுவிக்க இன்றுவரை ஒருவரும் முன்வரவில்லை! மறு வருஷம் அதே ஆக்லாந்தில் மேற்கிந்தியக் கோஷ்டியை ஜயித்தார்கள். முதல் வெற்றிக்கு 26 வருஷம். 2021-ல் முதல் உலக டெஸ்ட் சாம்பியன் யார் தெரியுமோ? அவர்களேதான், தோற்றவர்கள் நாம்.

நம் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? 1932-ல் லார்ட்ஸில் ஆரம்பித்தோம். முதல் வெற்றி 1952 பிப்ரவரியில், நம் சேப்பாக்கத்தில். முதல் இன்னிங்ஸில் வினு மன்கட் 55 ரன் கொடுத்து எட்டுப் பேரை வீழ்த்தினார். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம் அடித்தார்கள். ஆட்டத்தின் முதல் நாளன்றே ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வந்தது; மறுநாளை ஓய்வு நாளாக மாற்றிவிட்டு, பிறகு ஆடி, ஓர் இன்னிங்ஸும் எட்டு ரன்னும் வித்தியாசத்தில் இங்கிலாந்தை ஜயித்தோம். அதற்கு முன் இருபது வருஷம் நாம் மற்றவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறோம். "உங்களுக்கு ஆடத் தெரியாது, போய்ப் பழகிக்கொண்டு வாருங்கள்" என்று யாராவது கதவைச் சாத்தியிருந்தால் சேப்பாக்கம் எங்கே வந்திருக்கும்?

அந்தக் கதவைத்தான் இப்போது சாத்தியிருக்கிறார்கள். 2019-ல் உலக டெஸ்ட் சாம்பியன் பந்தயம் தொடங்கியபோது பன்னிரண்டில் ஒன்பது தேசங்களுக்குத்தான் இலை போட்டார்கள். ஜிம்பாப்வே, அயர்லாந்து, ஆப்கானிஸ்தானம் மூன்றும் பந்திக்கு வெளியே. 2025-ல் தொடங்கிய சுற்றிலும் அதே ஒன்பதுதான். 2019 ஜூலையில் லார்ட்ஸில் இதே அயர்லாந்து இங்கிலாந்தை 85 ரன்னுக்குச் சுருட்டியது. டிம் முர்ட்டா 13 ரன் கொடுத்து ஐந்து பேரை அனுப்பினார். மூன்றாம் நாள் அயர்லாந்தே 38 ரன்னுக்குச் சுருண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தணிக்கை நண்பர் சும்மா விடமாட்டார்.

"பணம்?" என்றார் அவர். டெஸ்ட் ஆட்டம் நடத்துவது சின்ன தேசங்களுக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற காரியம், மறுக்கவில்லை. அதனால்தான் ஒரு பிரிவின் ஆட்டங்களை ஒரே தேசத்தில் வைத்திருக்கிறேன். டெலிவிஷன் பணத்தை 16 பங்காகச் சமமாகப் பிரிக்க வேண்டும். இதற்கு நம் வாரியம் ஒப்புமா என்று கேட்காதீர்கள். ஆகாசக் கோட்டையில் பொக்கிஷ அறை கட்டுவதுதான் சிரமம்.

பல தேசங்கள் கூடி ஆடும் டெஸ்ட் பந்தயம் புதிதும் அல்ல. 1912-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் இங்கிலாந்தில் ஆடின. மழை வந்து பாழடித்தது. தென்னாப்பிரிக்கா ஆறு ஆட்டத்தில் ஐந்தைத் தோற்று, ஒன்றுகூட ஜயிக்காமல் கப்பலேறியது. பிறகு வெகு காலத்துக்கு ஒருவரும் அந்த யோசனையின் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. 2025-ல் உலக டெஸ்ட் சாம்பியன் பட்டத்தை, அதே ஆஸ்திரேலியாவை லார்ட்ஸில் வென்று எடுத்துக்கொண்டு போனது இந்தத் தென்னாப்பிரிக்காதான்.

ஆகையால் என் பந்தயத்தின் முதல் ஆட்டத்தைக் காட்மாண்டுவுக்குப் பக்கத்தில் கீர்த்திபூரில் வைத்திருக்கிறேன். அங்கே ஜனங்கள் புல்மேட்டில் நெருக்கியடித்து உட்காருவார்கள். இடம் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறிக்கொள்வார்கள். நேபாளத்துக்கு எதிரே யார் என்று நெடுநேரம் யோசித்து, தென்னாப்பிரிக்காவின் பெயரை எழுதிவிட்டுப் பென்சிலை வைத்தேன்.