கழலாத பம்பு

எங்கள் பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி, வீட்டு முற்றத்தில் மகனுடன் பிரித்துக்கொண்டிருந்தேன். முன்புற எண்ணெய்ப் பம்பு மட்டும் வெளிவர மறுத்தது. உள்ளிருக்கும் கிளட்சுகளுக்கு எண்ணெயை அழுத்தத்துடன் அனுப்புவது அதுவே. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் நாளடைவில் இறுகிப் பற்றிக்கொள்வது வழக்கம்.

அந்தப் பம்பில் மரையிட்ட இரு துளைகள் உண்டு. அவற்றில் இழுப்புச் சுத்தியல்களைத் திருகி, இருபுறமும் சமமாக இழுத்தால் பம்பு நேராக எழும்பும். இழுத்தேன், அசையவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தேன்.

"வாப்பா, ஒரு போல்ட் பாக்கி இருக்கிற மாதிரி தெரியுது" என்றான் மகன்.

"பேசாமல் விளக்கைப் பிடி" என்று சீறினேன். அவன் முகம் வாடியது.

அஸருக்கு பாங்கு ஒலித்தது. கிரீஸ் படிந்த இடத்தில் ஒளுவின் தண்ணீர் படாது என்பதால் கைகளை நெடுநேரம் தேய்த்துக் கழுவினேன். சினம் தணியத் தணிய வெட்கம் மேலிட்டது. மென்மையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் போதித்ததை அவனுக்குக் கற்பித்தவனே நான்தான்.

தொழுது முடித்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் கூறாமல் பம்பின் ஓரத்திலிருந்த கறுத்த படிவைத் துடைத்தான். அடியில் போல்ட்டின் தலை தெரிந்தது. அதைக் கழற்றி மெல்ல இழுத்ததும் பம்பு எழுந்துவந்தது. இன்னும் சற்று முரண்டியிருந்தால் அலுமினிய உறையில் விரிசல் விழுந்திருக்கலாம். அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகளின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பொறுமையை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.