அட்டை இல்லாத மாயாவி

நான் கொமிக்ஸ் சேகரிக்கிற ஆள் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன். பழைய கொமிக்ஸ் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே எந்த இதழ், எந்த வருசம், அட்டை இருக்கா, கம்பி துருப்பிடிச்சிருக்கா என்று கேட்கிறவர்கள் வந்துவிடுவார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் புத்தகம் கடலை சுத்தப் போயிருக்கும். ஆனால் நான் கையில் கிடைத்ததை, கிடைத்த பக்கத்திலிருந்து வாசிக்கிற ஆள்.

அப்படி வாசிக்க இரும்புக்கை மாயாவி மாதிரி வசதியான ஆள் கிடையாது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். பெயரைப் பார்த்து எங்கட பக்கத்து ஆள் என்று நினைக்கவேண்டாம். 1962இல் வலியன்ட் என்ற இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் ஸ்டீல் க்ளோ என்ற பெயரில் வந்தவர். வரைந்தவர் ஜெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர்.

கதை இதுதான். லூயிஸ் கிராண்டெல் ஒரு ஆய்வுகூட உதவியாளர். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பூட்டியிருக்கு. பிறகு இன்னொரு விபத்தில் பெரிய கரண்ட் அடிக்க, அந்தக் கையைத் தவிர ஆள் முழுக்க மறைஞ்சு போகிறார். கொஞ்ச நேரத்தில் திரும்பத் தெரியத் தொடங்குவார். மறுபடி மறைய வேணுமெண்டால் மறுபடி கரண்ட் அடிக்கவேணும்! உடுப்பும் சேர்ந்து எப்பிடி மறையுது என்று கேட்கக்கூடாது. கேட்டால் கதை நடக்காது.

எனக்குப் பிடித்தது, இந்த ஆள் தொடக்கத்தில் நல்லவர் இல்லை என்பது. மறையலாம் என்று தெரிந்ததும் முதலில் போனது களவெடுக்கத்தான். அரசாங்கத்தின் ரகசிய உளவாளி ஆனதெல்லாம் பிறகு. ஸ்பைடரும் அதே மாதிரித்தான். 1965இல் லயன் என்ற இன்னொரு இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த கூர்க்காது வில்லன். குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேணும் என்பதுதான் அவருடைய லட்சியம். கொஞ்சக் காலத்தில் அந்தக் கதைகளை எழுத வந்தவர் ஜெரி சீகல், சுப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஒரு பிழையும் விடாத சுப்பர்மேனை எழுதிய மனுசன், இந்தப் பெருமைக்காரக் கள்ளனை எவ்வளவு சந்தோசமாக எழுதியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இவையெல்லாம் வாராவாரம் சில பக்கங்களாக வந்தவை. அடுத்த கிழமையும் பெடியள் காசு குடுத்து வாங்கவேணும் என்பதால் சில பக்கத்துக்கு ஒருக்கா யாராவது மலையிலிருந்து விழுவார்கள், இல்லாவிட்டால் ஏதாவது வெடிக்கும். அதையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாக்கினால் மூச்சு விட நேரம் இல்லை. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஒரு ஆபத்து தயாராக இருக்கும். மலிவுத் தாளில் அச்சடித்து, வாசித்துவிட்டு எறிவதற்காகச் செய்தது. கிழிந்த பிரதியில் வாசித்தாலும் அதன் ருசி குறையாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்ததெல்லாம் கிழிந்த பிரதிகள்தான். மாமாவிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் இருந்ததாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் வாசித்தவர். "மாயாவி இஞ்ச வந்திருந்தா, மறையக் கரண்ட் இல்லாமல் சும்மா நடந்து திரிஞ்சிருப்பார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1995 இடப்பெயர்வில் பெட்டியைத் தூக்க ஏலாது. அடுத்த வருசம் திரும்பிப் போனபோது வீடு இருந்தது, பெட்டி இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார்.

பிறகு அவருடைய கூட்டாளி ஒருவர் குடுத்த ஒரேயொரு மாயாவி மிஞ்சியது. அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. நானும் மச்சாளும் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தோம். முடிவை நாங்களே சொல்லுவோம். அவளின் முடிவில் மாயாவி எப்பவும் ஒரு குசினிக்குள் ஒளிந்து, இரும்புக் கையைச் சட்டி பானையோடு அடுக்கி வைத்துவிட்டுத் தப்பிவிடுவார். இதைவிடத் திறமான ஐடியா எந்த உளவாளிக் கதையிலும் நான் பார்க்கவில்லை.

முழுசாகச் சேர்த்து வைக்க, அசையாத ஒரு வீடு வேணும். எங்களில் கனபேருக்கு அது வாய்க்கவில்லை. ஆனாலும் இந்தக் கதைகள் எங்களிடம் வந்து சேர்ந்தன, ஏனென்றால் யாரோ ஒருவர் வாசித்துவிட்டு இன்னொருவருக்குக் குடுத்தார். சும்மா வாசகர்கள் என்று எங்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை.

2021இல் இங்கிலாந்தில் ரெபெல்லியன் பதிப்பகம் மாயாவியின் ஆரம்பக் கதைகளை மறுபடி புத்தகமாகப் போட்டது. லண்டனிலிருந்து மச்சாள் ஒன்று வாங்கி அனுப்பினாள். அட்டை இருக்கு, முதல் பக்கம் இருக்கு, கடைசிப் பக்கமும் இருக்கு. ஆள் தொடக்கத்தில் கள்ளன் என்பதைக் கண்ணால் பார்த்ததே அதில்தான். இங்கிலீஷ்தான், ஆனால் படம் பார்த்தே பாதி விளங்கும். ஆருக்காவது வேணுமெண்டால் கேளுங்கோ, தாறன். எனக்குத் திருப்பித் தரவேணும் எண்டில்லை, வாசிச்சிட்டு அடுத்த ஆளிட்டக் குடுங்கோ.