திரையில் விழுந்த ஊதாக் கறை

என் கணவர் சவூதியிலிருந்து வரும்போது கொண்டு வந்த கலர் டீவி அது. 1990 வன்செயலில் அவர் மௌத்தானார். 2004 டிசம்பரில் சுனாமி வந்து கல்முனைக்குடியில் எங்கள் கடற்கரை வீட்டைக் கொண்டு போனது. பிரதான வீதிக்கு மேற்கே ராத்தா வீட்டில் இருந்ததால் டீவி மட்டும் தப்பியது. அவர் வாங்கிய பொருளென்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

2006 இல் ஒருநாள் திரையின் வலப்பக்க மூலையில் ஊதா நிறத்தில் கறை விழுந்தது. செய்தி வாசிப்பவரின் பாதி முகம் பச்சையாகத் தெரிந்தது. ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் வந்தார். தொட்டும் பார்க்காமல், "பிக்சர் டியூப் போயிட்டு. மாத்த ஒன்பதாயிரம் வேணும்" என்றார். தையலில் எனக்கு இரண்டு மாதம் வரும் காசு அது. கொடுத்த விலைக்கு விற்றுவிடுவோமா என்று கூட நினைத்தேன்.

கட்டாரில் வேலை பழகி வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்தார். "ராத்தா, இது எப்ப தொடங்கின? அந்த ஸ்பீக்கர் பொக்ஸை எப்ப வெச்சீங்க?" என்று கேட்டார். இரண்டும் ஒரே கிழமை! மகன் அதை டீவியோடு ஒட்டி வைத்திருந்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் துளைகளுள்ள மெல்லிய உலோகத் தகடு இருக்கிறதாம். சிவப்பு, பச்சை, நீலக் கதிர்கள் அந்தத் துளைகளுக்குள்ளால் போய்த் தத்தமது நிறப் புள்ளியில் விழ வேண்டும். ஸ்பீக்கரில் உள்ள காந்தம் தகட்டையும் காந்தமாக்கினால் கதிர்கள் இடம் மாறி விழும். அதனால்தான் கறை.

பொக்ஸைத் தூர வைத்தோம். பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆறவிட்டுத் திரும்பப் போட்டோம். போட்டவுடன் 'டும்' என்றொரு சத்தம். டியூபைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் காந்தத்தை நீக்கும் சத்தம் அது. நாலைந்து தடவை இப்படிச் செய்ததும் கறை போய்விட்டது. ஒரு சதமும் செலவில்லை.

இப்போதைய தட்டை டீவிகளில் இந்தக் குறை வராது. பழைய டியூப் டீவி வைத்திருக்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். மூலையில் மட்டும் கறை என்றால் முதலில் காந்தத்தைத் தேடுங்கள். படம் முழுவதும் நிறம் மாறினால் கலரை முற்றாகக் குறைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம் சுத்தமாக வந்தால் டியூப் நல்லதுதான்; குறை வேறிடத்தில். பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்த டீவி இன்று இல்லை. ஆனால் ஆம்பிளை இல்லாத வீடு என்று யாராவது பெரிய தொகை சொன்னால், "எதனால் பழுதானது?" என்று கேட்காமல் நான் காசு எடுப்பதில்லை.