படிக்காமல் கொடுத்த சம்மதம்



போன தீபாவளிக்கு வீட்டில் ஸ்மார்ட் டிவி வாங்கினோம். பேரன்தான் மாட்டிக் கொடுத்தான். திரையில் என்னென்னவோ கேட்டது. அவன் எதையும் படிக்காமல் 'சம்மதம்', 'சம்மதம்' என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனான். நானும் காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். 32 வருடம் வகுப்பில் "படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே" என்று சொன்னவன் நான்!

சென்ற வாரம் சத்தத்தைச் சரிசெய்யப் போனபோது, செட்டிங்ஸில் 'பார்க்கும் விவரங்களைப் பகிர்தல்' என்ற வரி கண்ணில் பட்டது. ஆனில் இருந்தது. மருமகள் விளக்கினாள். இதற்கு ஏ.சி.ஆர். என்று பெயராம். திரையில் ஓடுவதைத் துளித்துளியாக எடுத்து, கம்பெனியின் பட்டியலோடு ஒப்பிட்டு, நாம் பார்ப்பது எது என்று கண்டுபிடிக்குமாம். அமெரிக்காவில் விசியோ என்ற கம்பெனி இப்படி 1.1 கோடி டிவிகளில், சரியாகச் சம்மதம் வாங்காமல், நொடிக்கு நொடி விவரம் சேர்த்து விற்றதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது என்று டாக்டர் சொன்ன நாட்களில், ராத்திரி இருவரும் அந்த டிவியில்தான் டயாலிசிஸ் வீடியோக்கள் பார்த்தோம். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைகளுக்கே சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தப் பெட்டி சொல்லியிருக்கலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். கொடுத்தது போலவே சுலபமாகச் சம்மதத்தைத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது அது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் வேறு. அதுவரை நம் வீட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வசதியை அணைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். "இப்பவாவது வீட்டுல நாம ரெண்டு பேர் மட்டும்தானே இருக்கோம்?" என்று கேட்டாள்.

இன்று ராத்திரி சீரியல் முடிந்ததும் உங்கள் டிவியின் செட்டிங்ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள். புரியாவிட்டால் பிள்ளைகளைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.